கோல் போஸ்ட்டும் கல்லாப்பெட்டியும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா எல்லாம் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

ஒரு பையன். வயசு 13. வீடு வியாசர்பாடி பக்கம். ஸ்கூல் விட்டு வந்ததும் தினம் ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடுகிறான். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் 120 ரூபாய். மாதத்தில் 25 நாள் ஆடினால் 3,000 ரூபாய். அவனுக்கு ஒரு தம்பி இருந்து, தம்பிக்கும் பந்து மேல் ஆசை வந்துவிட்டால் 6,000 ரூபாய். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பந்து உருளுமா?

120 ரூபாய் என்பது நான் கற்பனை செய்த தொகை இல்லை. 2025 ஜூன் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பொறுப்பில் விடுவது, ஆட வருகிறவர்களிடம் மணிக்குத் தலைக்கு 120 ரூபாய் வாங்குவது என்று முடிவு. உடனே சத்தம் கிளம்பியது. ஆடுகிறவர்கள் கேட்டார்கள், எதிர்க்கட்சிகள் கேட்டன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே கேட்டன. சில நாட்களுக்குள் மாநகராட்சி பின்வாங்கியது. கட்டணம் கிடையாது என்று அறிவித்தது.

சபாஷ். ஊர் கூடிக் கேட்டால் நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் கிடைத்தது.

ஆனால், இதோடு 'சுபம்' கார்டு போட்டுவிட முடியவில்லை. நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த கேள்வியோ இன்னும் மைதானத்து நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. புல் கிழிந்தால் யார் தைப்பது? லைட் ஃபியூஸ் போனால் யார் மாற்றுவது? பாத்ரூமை யார் கழுவுவது? அதற்குப் பணம் எங்கே?

மாநகராட்சி தரப்பையும் கேட்க வேண்டும், அதுதான் நியாயம். அவர்கள் சொன்ன காரணம் பராமரிப்பு. அது பொய்க் காரணம் இல்லை. செயற்கைப் புல் என்பது விரித்துவிட்டு மறந்துவிடுகிற பாய் அல்ல. அதைத் துலக்க வேண்டும். இழைகளுக்கு நடுவே போடும் ரப்பர் துகளும் மணலும் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், அதைப் பரப்பிவிட வேண்டும். எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருந்தாலும் எட்டு, பத்து வருஷத்தில் உரித்துப் போட்டுவிட்டுப் புதுசு விரிக்க வேண்டும். நம்ம ஊர் மத்தியான வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். வெயில் காயும் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதாகப் பல நாடுகளில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியன், அந்த ரப்பர் துகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கிறது என்பதால் அதன் விற்பனையை நிறுத்த 2023-ல் சட்டமே கொண்டுவந்து, 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.

இதெல்லாம் புல்லை விரிப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டிய விஷயங்கள். விரித்த பிறகு, 'ஐயோ, செலவாகுதே' என்று சொல்லி, ஆட வந்த பிள்ளையின் பாக்கெட்டைத் தடவுவது என்ன நியாயம்?

நம் நிர்வாகத்தின் பழைய வியாதியே இதுதான். புதிதாகக் கட்டுவதற்குப் பணம் வரும், கட்டியதைக் காப்பாற்றுவதற்கு வராது. கட்டினால் பூமி பூஜை உண்டு, ரிப்பன் உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. ஃபியூஸ் போன லைட்டை மாற்றியதற்கு எந்த ஊரிலாவது கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் மண் தரையாக இருந்தால் மலிவாக முடிந்துபோகிற மைதானத்தையும் பச்சைப் பசேலென்று பளபளக்க வைக்கிறார்கள். போட்டோவில் மண் எடுபடாது. பச்சை எடுபடும்.

சரி, எதிர்ப்பக்கத்து வாதங்களுக்கு வருவோம். டீக்கடையிலும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் மூன்று வாதங்கள் திரும்பத் திரும்ப வரும். நீங்களே கூட ஒன்றிரண்டைச் சொல்லியிருக்கலாம்.

முதல் வாதம்: 'குடிக்கத் தண்ணி இல்ல, மழை பெய்தா தெரு மிதக்குது. இதுல விளையாட்டுக்கு எதுக்கு சார் வரிப்பணம்?'

தண்ணீரும் வடிகாலும் முக்கியம்தான். ஆனால் விளையாட்டு மைதானம் என்பது மாநகராட்சி மனசு வைத்துப் போடும் பிச்சை இல்லை. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியல் போட்டிருக்கிறது. தண்ணீர் அதில் இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. தெருவிளக்கு வெளிச்சத்தில் நடந்து போகிறவரிடம் அடிக்கு இவ்வளவு என்று யாரும் வசூலிப்பதில்லையே. மைதானத்துக்கு மட்டும் ஏன் மீட்டர்?

பணமே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதற்குத் தமிழக அரசு 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிரமாதமாக நடத்தினார்கள், உலகமே பார்த்தது. மனசு வைத்தால் விளையாட்டுக்குக் கோடிகள் புரளும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். இரண்டு வாரத் திருவிழாவுக்குக் கிடைக்கும் பணம், வருஷம் பூரா நடக்கும் விளையாட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது வாதம்: 'ஓசியில கொடுத்தா மதிக்க மாட்டாங்க. காசு வாங்கினாத்தான் ஒழுங்கா இருக்கும்.'

இதைச் சொல்கிறவர்களைப் பார்த்து ஒன்று கேட்கலாம். மெரினாவில் காலாற நடக்க நீங்கள் டிக்கெட் வாங்குகிறீர்களா? ஒரு இடம் ஒழுங்காக இருப்பதும் இல்லாததும், அதைத் தன்னுடையது என்று நினைக்கிற ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அப்புறம், இது ஓசியும் இல்லை. அந்தப் பையனின் அப்பா வாங்கும் தீப்பெட்டியிலிருந்து அம்மா வாங்கும் சோப்பு வரை வரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவனை ஓசி என்று சொல்லக் கூடாது.

இங்கே கொஞ்சம் பழைய கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். பெயரிலேயே மாநகராட்சி. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனையை முறியடிக்க 2008 வரை ஆகிவிட்டது. மாநகராட்சியின் பெயரைத் தாங்கிய மைதானத்தில் உலக சாதனையே நடந்திருக்கிறது. நகர நிர்வாகத்துக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

வடசென்னைக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவா அணியைச் சென்னையின் எஃப்.சி. 3-0 என்று தோற்கடித்தது. அதில் ஒரு கோல் தனபால் கணேஷ் போட்டது. வியாசர்பாடிப் பிள்ளை. சென்னை அந்த வருஷம் கோப்பையும் வாங்கியது. அவர் ஆடிப் பழகிய வயசில் மணிக்கு 120 ரூபாய் கேட்டிருந்தால் அந்த கோல் விழுந்திருக்குமா?

ஆனால், 'நாளைக்கு ஒரு சாம்பியன் வருவான், அதற்காக மைதானம் கொடுங்கள்' என்ற வாதத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நூறு பேர் ஆடினால் தொண்ணூற்றொன்பது பேர் சாம்பியன் ஆகப் போவதில்லை. அவர்கள் ஆட்டோ ஓட்டுவார்கள், கம்ப்யூட்டர் தட்டுவார்கள், கடை வைப்பார்கள். அவர்களுக்காகத்தான் மைதானம் வேண்டும். பதிமூன்று வயசில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பையன் எங்கே இருக்கிறான் என்பது அவன் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய கவலை தெரியுமா? 'கிரவுண்ட்ல இருக்கான்' என்று அவர் சொல்ல முடிந்தால் அது பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு எந்தப் பட்ஜெட்டிலும் தனிக் கணக்குத் தலைப்பு கிடையாது.

மூன்றாவது வாதம்: 'தனியார் டர்ஃப்ல மணிக்கு ஆயிரத்துக்கு மேல கொடுத்து ஆடறாங்களே, அவங்க என்ன முட்டாளா?'

இல்லை. சம்பளம் வாங்குகிற பத்துப் பேர் ராத்திரி பத்து மணிக்கு வந்து, பங்கு போட்டு ஆடுகிறார்கள். சந்தோஷமாக ஆடட்டும். தனியார் நிலம், தனியார் முதலீடு, அவர் இஷ்டத்துக்கு விலை. ஆனால் பத்துப் பையன்களிடம் தலைக்கு 120 வாங்கினால் எவ்வளவு? 1,200 ரூபாய். அதே மார்க்கெட் விலைதான். நிலம் ஊருடையது, புல் விரித்தது வரிப்பணம், லைட் போட்டது வரிப்பணம். கல்லாவில் உட்காருவது மட்டும் இன்னொருவர். எந்த ஊர் பார்ட்னர்ஷிப் இது?

அப்படியானால் பராமரிப்புச் செலவை எப்படிச் சமாளிப்பது? வழி இல்லாமல் இல்லை.

ஒன்று: மைதானம் போட நிதி ஒதுக்கும் அன்றைக்கே, அடுத்த பத்து வருஷப் பராமரிப்புக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். முடியாது என்றால் புல் வேண்டாம், மண்ணே போதும். சமமான தரை, மழைத் தண்ணீர் வடிய வழி, இரண்டு கோல் போஸ்ட், வெளிச்சம், குடிதண்ணீர், கதவு உள்ள பாத்ரூம், சம்பளம் ஒழுங்காக வரும் ஒரு காவலாளி. இவ்வளவுதான் தேவை.

இரண்டு: கம்பெனி டோர்னமென்ட், விளம்பர பேனர் கட்டி நடத்தும் போட்டி என்று வந்தால் தாராளமாக வாங்குங்கள், நல்ல தொகையாகவே வாங்குங்கள். அந்தப் பணம் அதே மைதானத்துக்குச் செலவாகட்டும். ஏரியாப் பிள்ளைகளின் சாயங்கால நேரத்தை மட்டும் தொடாதீர்கள்.

மூன்று: புது இடம் தேடி அலைவதற்கு முன்னால், இருக்கும் இடத்தைத் திறங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாநகராட்சிப் பள்ளியின் கேட் பூட்டப்படுகிறது. உள்ளே மைதானம் காலியாகக் கிடக்கிறது, வெளியே பையன்கள் பார்க்கிங் பண்ணிய பைக்குகளுக்கு நடுவே ஸ்டம்ப் நடுகிறார்கள். ஒரு பூட்டும் ஒரு காவலாளியும் சம்பந்தப்பட்ட பிரச்னை இது.

நான்கு: திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். பெரிய மனைகளில் கட்டடம் கட்டுகிறவர்கள் பத்து சதவிகித நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆனால் 3,000 சதுர மீட்டரிலிருந்து 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். பணம் கஜானாவுக்குப் போய்விடும். ஆனால் கஜானாவுக்குள் பந்து விளையாட முடியாது. நெரிசலான ஏரியாக்களில் இந்தச் சலுகையை மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று. இதைப் பற்றி அந்த 120 ரூபாய் சண்டையில் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை. பெண் பிள்ளைகள். இலவசம் என்று அறிவித்துவிட்டால் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஏரியா மைதானத்தை ஒரு சாயங்காலம் எட்டிப் பாருங்கள். எத்தனை பெண்கள் ஆடுகிறார்கள், எத்தனை பேர் கேட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். அவர்களுக்கென்று வாரத்தில் சில நாள், சில மணி நேரம் எழுதி மாட்டப்பட வேண்டும். அவர்களுக்குக் கட்டணத்தைவிட உயரமான சுவர் இருக்கிறது, அதை எந்தத் தீர்மானமும் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். நம்மையும் கொஞ்சம் கவனிப்போம். பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தது என்று புகார் எழுதிக் கேட்டைப் பூட்ட வைத்தது யார்? மைதானத்து ஓரம் கார் நிறுத்த ஆரம்பித்து, ஓரத்தையே நடுவாக்கியது யார்? கல்யாணப் பந்தல், கட்சிக் கூட்டம், பொருட்காட்சி என்று எல்லாவற்றுக்கும் மைதானத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் குழிகளோடும் ஆணிகளோடும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தது யார்? பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் கடைசியில் வருகிறது. அந்த ஓட்டு உங்களிடம் இருக்கிறது.

2022-ல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் தொடங்கப்பட்டன. சென்னையில் 200 வார்டு. உங்கள் வார்டிலும் ஒரு சபை இருக்கும். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் ஆபீஸில் விசாரியுங்கள். போங்கள். 'மைதானம் எப்ப சார் வரும்?' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதற்கு 'சீக்கிரம் வரும்' என்று பதில் தயாராக இருக்கும். வருஷப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், அதில் இதுவரை எவ்வளவு செலவானது, பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் என்று கேளுங்கள். பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று கேளுங்கள். மைதானத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?

இதற்கு மட்டும் பதில் சொல்லத் தயங்கினார்கள் என்றால் உஷாராகிவிடுங்கள். அடுத்த 120 ரூபாய்த் தீர்மானம் எங்கேயோ டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.