பசு என்னுஞ் சொல்

முப்பொருளுள் ஒன்றாய உயிரைப் பசுவென வழங்குதல் சைவ மரபு. ஆயினும், இச்சொல்லைக் கேட்டவளவில் தமிழர் பெரும்பாலார் நெஞ்சில் தோன்றுவது பால்தரும் ஆவே. அதுபற்றி, உயிரை விலங்கோடு ஒப்பவைத்து இழித்த பெயர் இஃதெனக் குறை கூறுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

முதற்கண் பொருட்பரப்பினை நோக்குவோம். தமிழினும் மலையாளத்தினும் பசு என்பது ஆவினையே சிறப்பாகக் குறிக்கும். இந்தியில் அது விலங்கு யாவற்றிற்கும் பொதுப்பெயர். தெலுங்கிற் 'பசுவு' என்பதும் பொதுமையின் வழங்கும். வேத வழக்கு இவற்றினும் விரிந்தது. அதர்வ வேதம் பசுபதிக்குரிய பசுக்கள் ஐந்தென வகுத்து, ஆ, குதிரை, வெள்ளாடு, செம்மறி என்பவற்றோடு மக்களையும் உடனெண்ணுகின்றது. எனவே, மக்களைப் பசுவென்றல் பிற்காலத்தார் படைத்துக்கொண்ட உருவகமன்று.

இனிச் சொற்பிறப்பு. பசுமை என்னும் தமிழ்ப் பண்படியாகப் பிறந்தது இச்சொல் என்பர் ஒரு சாரார். பசும்பொன், பசுங்கிளி என்பவற்றில் நிற்கும் பசு நிறமும் புதுமையும் உணர்த்துவது. கால்நடையோடு அதற்கு இயைபு காட்டுதல் அரிது. ஒலியொப்புமை ஒன்றே பற்றி இரு சொல்லை ஒன்றாக்குதல் ஆராய்ச்சியாகாது. பாசத்தாற் கட்டுண்டலிற் பசுவாயிற்று என்பது சைவநூல் வல்லார் பலர் கொண்ட முடிபு. கொள்கை விளக்கமாக அது மிக இனிதே. ஆயின், மொழிநூலார் பலர் அவ்விரு சொற்கும் வெவ்வேறு அடி காட்டுவர். சதபத பிராமணமோ, பிரசாபதி கண்டமையாற் பசுவெனப்பட்டதென்று காண்டற்பொருளடியிற் பிறப்பிக்கின்றது. இத்தகைய விளக்கங்கள் பொருளை நெஞ்சிற் பதிக்க எழுந்தனவேயன்றிச் சொல்லின் வரலாறு கூற எழுந்தனவல்ல.

வரலாறு வேண்டுவார் வடமொழியின் இனமொழிகளை நோக்குக. இலத்தீனிற் 'பெகுஸ்' என்பது கால்நடை. அதன்வழி வந்த 'பெகூனியா' பணம். கோத்திய மொழியில் 'ஃபைஹு' என்பது செல்வம். பழைய ஆங்கிலத்தின் 'ஃபெயோ' கால்நடை, செல்வம் என்னும் இரண்டற்கும் உரியது. இவை யாவும் பசுவென்பதனோடு ஒரு குடிப்பிறந்தன. கால்நடையே முதற்செல்வமாயிருந்த காலத்தின் சுவடுகள். தமிழ் வேறு குடியதாயினும் இதற்குச் சான்று பகரும்: 'மாடு' என்பது செல்வப்பொருளில் வருதலைத் திருக்குறளிற் கல்வி அதிகாரத்து இறுதிப்பாவிற் காணலாம். பதி என்பதன் இனமாய கிரேக்கச் சொல் 'தெஸ்பொதேஸ்' இல்லுடைய தலைவனைக் குறிக்கும். ஆகவே, பதி உடையான். பசு அவன் உடைமை. ஆளுடையான் என இறைவனை அழைக்கும் தமிழ் வழக்கும் இதனோடு ஒத்து நிற்றல் காண்க.

உடைமையெனின் உயிர் சடமாய் முடியாதோ எனின், முடியாது. பொன்னும் நிலமும் தம்மை உடையானை அறியா. கால்நடையோ அறியும், அவன் குரல்வழிச் செல்லும். எனினும், கட்டுண்டவழித் தன் கயிற்றைத் தானே அவிழ்க்கமாட்டாது. அவிழ்த்தல் உடையான் செயல். அறிவுடைமை, கட்டுண்டமை, ஒருவற்கு உரிமையாதல் என்னும் மூன்றனையும் ஒருங்குணர்த்தற்கு இதனினும் ஏற்ற சொல் காண்டல் அரிது.

சொல்லின் வரலாறு சித்தாந்தத்தை நிறுவும் அளவையன்று. அந்நிறுவல் நூலாலும் அனுபவத்தாலும் ஆவது. ஆயினும், பசுவென்பது இழிபெயர் என்னும் பழியை நீக்குதற்கு அவ்வரலாறு போதியதாகும்.