செங்குத்து யாருடையது? — சுழல்திரை, ஏலமலை, தன்னிலை

கைபேசித் திரை குறுக்கே திரும்புவதிலும் நெடுக்கே நிற்பதிலும் என்ன அரசியல் கெடக்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். செயலிக்குச் செயலி ஒரு விதியை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் பிறகு கருவியே பார்த்துக்கொள்ளும் என்கிற வசதி வந்துவிட்டது. சாம்சங்கில் 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்', ஐபோனில் 'ஷார்ட்கட்ஸ்', பிற ஆண்ட்ராய்டு கருவிகளில் 'டாஸ்கர்', 'மேக்ரோடிராய்டு'. பெயர்கள்தான் வேறு, சூத்திரம் ஒன்று: இந்தச் செயலி திறந்தால் திரையை அவிழ்த்துவிடு, மூடினால் பூட்டிவிடு. மெத்தையில் சாய்ந்து கிடக்கும் மத்தியதர வர்க்கத்தின் சின்னச் சௌகரியம் என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் சின்னச் சௌகரியங்கள், சின்ன ஒழுங்குகள் வழியாகவே அதிகாரம் உடலுக்குள் நுழைகிறது என்பதை ஃபூக்கோவைப் பேசித் திரிந்த நாம் மறந்துவிட முடியாது.

திரை 'தானாக'த் திரும்புகிறது என்கிறோம். தானாக எதுவும் திரும்புவதில்லை. உள்ளே முடுக்கமானி என்றொரு நுண்பொருள் இருக்கிறது. புவியீர்ப்பு கருவியின் எந்தப் பக்கத்தில் இழுக்கிறது என்பதை அது அளக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே திசை பூமியின் மையம். பிடித்திருப்பவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒருக்களித்துப் படுத்தால் கண்ணும் சாய்கிறது, கருவியும் சாய்கிறது, எழுத்து மட்டும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக எழுந்து நிற்கிறது. மல்லாக்க வைத்தால் கணிக்க வழியில்லாமல் பழைய நிலையையே பிடித்துக்கொள்கிறது. 2021இல் ஆண்ட்ராய்டு 12உடன் சில கருவிகளுக்கு வேறொரு ஏற்பாடு வந்தது: முன்கேமரா முகத்தைப் பார்த்து, அது சாய்ந்திருக்கிற பக்கமாகத் திரையை வைக்கும். ஆக, சாய்ந்து படுக்கும் உரிமைக்கு விலை முகம்.

இந்தக் கருவி மனதில் வைத்திருக்கும் மனிதர் யார்? சமதளத்தில் நிமிர்ந்து நிற்பவர், அல்லது நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பவர். அவரைப் போடிநாயக்கனூரில் ஜீப்பில் ஏற்றிப் பாருங்கள். விடியுமுன் போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் வண்டி அது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒடிந்து திரும்பும்போது புவியீர்ப்பும் வளைவின் தள்ளலும் முடுக்கமானிக்குக் கலந்தே தெரிகின்றன. எது கீழே என்பதில் கருவிக்கே கொழப்பம் வந்துவிடுகிறது. தோட்டத்தில் இறங்கினால் அங்கேயும் நிமிர்வு கிடையாது. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், காய்ச் சரமோ செடியின் அடியில் மண்ணோடு மண்ணாகப் படர்கிறது. காயெடுப்பு என்றால் நாள் முழுக்கக் குனிவது, குத்துக்காலிட்டு நகர்வது. செங்குத்தான மலையில் செங்குத்தாக இல்லாத ஒரே பொருள் கூலிப்பெண்ணின் முதுகு.

திரையின் இரண்டு நிலைகளுக்கும் ஆங்கிலத்தில் உள்ள பெயர்களையும் பார்க்கலாம். 'லேண்ட்ஸ்கேப்', 'போர்ட்ரெய்ட்': இரண்டும் ஐரோப்பிய ஓவியத்திலிருந்து வந்தவை. ஒன்று நிலக்காட்சி, மற்றது முக ஓவியம். முகத்தைத் தீட்டச் சொல்லக் காசு இருந்தவனுக்குப் போர்ட்ரெய்ட். நிலத்தை வெளியே நின்று காட்சியாகப் பார்க்க முடிந்தவனுக்கு லேண்ட்ஸ்கேப். தமிழில் குறுக்கு, நெடுக்கு என்கிறோம். அவை உழவும் நெசவும் தச்சும் புழங்கிய சொற்கள், பார்ப்பவனுடையவை அல்ல, செய்பவனுடையவை. அமைப்புப் பட்டியலில் இந்த வேறுபாடு அழிந்து போகிறது.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இங்கே ஒரு பிரதியாக உதவுகிறது. தேனி ஈஸ்வரின் காமிரா இந்த மலையை அகலச் சட்டகத்தில் வைக்கிறது. அதே சமயம் அதைச் சுற்றுலாக் காட்சியாக்காமல் ரங்கசாமியின் ஏற்ற இறக்க நடைக்குள்ளேயே கட்டிப்போடுகிறது. சுமை ஏறுகிறது, இறங்குகிறது, நிலம் கைநழுவுகிறது, தன் மண்ணிலேயே காற்றாலைக்குக் காவல்காரனாக அவன் உட்காருகிறான். மேலும் கீழுமான ஒரு வாழ்க்கை குறுக்குச் சட்டகத்தோடு மோதுகிற உராய்வுதான் அந்தப் படம். நெடுக்கே பூட்டிய கைபேசியில் பார்த்தால் மலை ஒரு ரிப்பன் துணியாகச் சுருங்கி, மேலும் கீழும் கறுப்பு அடைத்துக்கொள்ளும். படச் செயலிக்கு மட்டும் திரையை அவிழ்த்துவிடும் விதி, இந்த இடத்தில், படத்துக்குச் செய்யும் நியாயம். தானியக்கம் முழுவதையும் எதிரியாக்கிவிட நான் தயாரில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜூன் 29இல் டிக்டாக் தடைசெய்யப்படும் வரையிலும், அதற்குப் பிறகு ரீல்ஸிலும், உழைக்கும் சனங்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட படங்கள் நெடுக்கானவை. தலைச்சுமையோடு ஏறுகிறவருக்கு மலை அகலம் அல்ல, உயரம். நெடுக்குச் சட்டகம் அழகியல் குறைபாடு என்று சலித்துக்கொள்ளும் நம் திரைப்பட ரசனையாளர்கள் இதை யோசித்ததில்லை.

எனவே குறுக்கா நெடுக்கா என்பதல்ல கேள்வி. பூட்டு யார் கையில்? 2010இல் வந்த முதல் ஐபேடின் விளிம்பில் திரையைப் பூட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதே ஆண்டு இறுதியில் ஒரு மென்பொருள் மாற்றத்தால் அது ஒலியை அடக்கும் பொத்தானாக்கப்பட்டது. முணுமுணுப்பு எழுந்தது. 2011இல் எதற்கு வேண்டுமோ அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று திருப்பித் தந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் பொத்தானுக்குப் பொருள் வாங்கியவருடையதல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்றும் ஐபோனின் பூட்டு நெடுக்கே மட்டும்தான் பூட்டும். ஆண்ட்ராய்டில் செயலி எழுதுபவர் இது நெடுக்கே மட்டும் என்று அறிவித்துவிட்டால் நாம்தான் கழுத்தைச் சாய்க்க வேண்டும். 2025இன் ஆண்ட்ராய்டு 16, பெரிய திரைகளில் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்துவதில்லை என்று விதி கொண்டுவந்தது. உரிமை எழுதுபவரிடமிருந்து கூகுளுக்குப் போனது, நம்மிடம் வந்ததாகச் சொல்வதற்கில்லை.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், போலீஸ்காரர் "ஏய்" என்று விளிக்க, நடந்துபோகிறவர் திரும்புகிறார். அந்தத் திரும்பலில்தான் அவர் ஒரு தன்னிலையாக ஆகிறார். இங்கே விளிப்பு தலைகீழாகியிருக்கிறது. நாம் திரும்ப வேண்டியதில்லை, திரையே நமக்காகத் திரும்புகிறது. திரும்பாமலே தன்னிலையாகிவிடுகிற சுகம் இது. எனக்காகத்தான் எல்லாம் சுழலுது என்கிற நினைப்பைவிட உறுதியான பூட்டு ஏது?

இந்தச் சுகமும் கருவியைப் பிடித்திருப்பவருக்கு மட்டுமே. படத்துக்குள் இருப்பவருக்கு எந்த அமைப்பும் இல்லை. நூறு நாள் வேலைக்கு 2021இல் அறிமுகமாகி 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட வருகைச் செயலியை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு படம், நேரமும் இடமும் பொறித்து. படம் ஏறாவிட்டால் கூலிக்குச் சிக்கல். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரிசையில் வந்து நிமிர்ந்து நில்லுங்க என்றார்கள். திரை அவர்களுக்காகச் சுழலவில்லை, அவர்கள்தான் திரைக்காகத் திரும்பினார்கள். போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திலும் கதை இதுவே. ஏலம் ஏலம் போகிறது. காயெடுத்த கை எந்தத் திரையிலும் குறுக்காகவும் இல்லை, நெடுக்காகவும் இல்லை.

செயலிக்குச் செயலி விதி எழுதிக்கொள்ளுங்கள் தோழர்களே, அதில் தப்பில்லை. சுழலாதே என்று ஒரு கருவியிடம் சொல்ல முடிவது சிறிய சுதந்திரம்தான், என்றாலும் சுதந்திரம். ஆனால் அந்த விதியை எழுதும் விரல், எழுத வாய்ப்பே இல்லாத முதுகுகளையும் கணக்கில் எடுக்கட்டும். கேமராவுக்கு முன் நிறுத்தப்படுகிறவர் 'நான் இப்படித்தான் நிற்பேன்' என்று சொல்லும் உரிமைக்குப் பட்டியலில் இடம் கேட்காத விமர்சனம், எவ்வளவு கோட்பாடு பேசினாலும், மெத்தையில் சாய்ந்து கிடக்கிற விமர்சனம்தான்.