பால் விகுதியும் மரியாதை விகுதியும்: ‘தி டேனிஷ் கேர்ள்’ திரைப்படம் எழுப்பும் மொழிபெயர்ப்புச் சிக்கல்

டாம் ஹூப்பரின் இயக்கத்தில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி டேனிஷ் கேர்ள்’ என்னும் திரைப்படம், ஓவியர் இருவரின் மணவாழ்வைப் பொருளாகக் கொண்டது. டென்மார்க்கின் வைலே நகரில் 1882இல் பிறந்து, ஐனார் வெகனர் என்ற பெயரில் நிலக்காட்சி ஓவியராக அறியப்பட்டவர் பின்னர் லிலி எல்பே என்னும் பெண்ணாக வாழ்ந்தார். 1904இல் அவரை மணந்த கெர்டாவும் ஓவியரே. ஜெர்மனியில் தொடர்ந்து மேற்கொண்ட அறுவை மருத்துவத்திற்குப் பின், 1931 செப்டம்பரில் டிரெஸ்டன் நகரில் லிலி காலமானார்.

டேவிட் எபர்ஷாஃப் 2000இல் வெளியிட்ட புதினமே படத்திற்கு மூலம். புதினத்தில் மனைவி அமெரிக்கப் பெண். படத்தில் அவர் மீண்டும் டென்மார்க்குக்காரராகிறார். இதனால் தலைப்பு இருவரையும் சுட்டும் இருபொருள் தன்மையைப் பெறுகிறது. இது படத்தின் நிறைகளுள் ஒன்று. ஆயினும் வரலாறு பெரிதும் சுருக்கப்பட்டுள்ளது. 1912இலேயே பாரிசில் குடியேறிய இணையரைப் படம் 1926இன் கோபன்ஹேகனில் அறிமுகப்படுத்துகிறது. 1930இல் டென்மார்க் மன்னர் அத்திருமணத்தைச் செல்லாததாக்கினார். லிலியின் இறுதி நாட்களில் கெர்டா உடனிருக்கவில்லை. படமோ கெர்டாவை இறுதிவரை அருகில் நிறுத்துகிறது. ‘கணவர்’ என்ற உறவுச்சொல் சட்டத்தின் முன் பொருளிழந்த தருணத்தைப் படம் முதன்மைப்படுத்தாதது ஒரு குறையே. ஏனெனில் படத்தின் உண்மையான போராட்டம், ஒருவரை எப்பெயரால், எச்சுட்டால் குறிப்பது என்பதைப் பற்றியதாகும்.

இப்போராட்டத்தைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் தனித்தன்மை உடையது. டேனிஷிலும் ஆங்கிலத்திலும் பால் வேறுபாடு படர்க்கை ஒருமைப் பெயர்களில் வெளிப்படுகிறது. வினைமுற்று பால் காட்டுவதில்லை. தமிழிலோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என வினைமுற்றே பால் காட்டும். பெயரைத் தவிர்த்தாலும் விகுதியைத் தவிர்க்க இயலாது. அதே வேளையில் ‘வந்தேன்’ என்னும் தன்மை வினையும் ‘வந்தாய்’ என்னும் முன்னிலை வினையும் பால் காட்டுவதில்லை.

படத்தில் ஓரிடத்தில், தன் கணவரை அழைத்து வருமாறு கெர்டா லிலியிடமே வேண்டுகிறார். முன்னிலையில் நிற்பவரும் படர்க்கையில் சுட்டப்படுபவரும் ஒருவரே. ஆங்கிலத்தில் இங்கு ஆண்பால் சுட்டு ஒன்றே போதுமானது. தமிழ்ப் பேச்சு மரபில் மனைவி கணவரைப் பெரும்பாலும் ‘அவர்’ என்பார். அவ்வழக்கைப் பின்பற்றினால், ஐனார் ‘அவர்’ ஆகவும் லிலி ‘அவள்’ ஆகவும் அமைவர். மூலத்தில் பால் மட்டுமே மாறும் இடத்தில், தமிழில் பாலோடு மதிப்பும் மாறிவிடுகிறது. பெண்ணாக அறியப்படுவதற்கு லிலி ஒரு படி இறங்க வேண்டியதாகிறது. இது மூலத்தில் இல்லாத பொருள். பெயர்ப்பாளர் கருதாமலே நுழைந்துவிடும் பொருள்.

எல்லா இடங்களிலும் ‘அவர்’ என எழுதுவது எளிய தீர்வாகத் தோன்றலாம். கட்டுரையிலும் வாழ்க்கைக் குறிப்பிலும் அது பொருந்தும். ஆனால் உரையாடலில் அது லிலி வேண்டிப் பெற்ற பெண்பால் அடையாளத்தை மறைத்துவிடும். மரியாதை விகுதி பாலை மறைப்பது. லிலியின் வேட்கையோ பால் வெளிப்பட வேண்டும் என்பது.

தொல்காப்பியம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை என்றும், அப்பெயர் உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே ஏற்கும் என்றும், ஆண்பால் காட்டும் சொல் அதற்குப் பொருந்தாது என்றும் கிளவியாக்கம் கூறுகிறது. இன்றைய பாலடையாளக் கருத்துகளை அந்நூலில் ஏற்றிக் காண்பது பொருந்தாது. எனினும் பிறப்பால் ஆண் எனக் கொள்ளப்பட்டவருக்கு ஆண்பால் விகுதி கட்டாயமன்று என்பதற்குத் தமிழிலக்கண மரபிலேயே இடமுண்டு என்பது தெளிவு.

எனவே உரையாடலில் விகுதி, சுட்டப்படுபவரின் உடல்நிலையை அன்றிப் பேசுவோரின் ஏற்பைப் பின்பற்ற வேண்டும். கெர்டாவும் ஐனாரும் தொழிலால் நிகரானவர்கள். முன்னிலையில் இருவரையும் தொடக்கம் முதலே ‘நீ’ எனப் பேச வைத்து, படர்க்கையில் ‘அவன்’, ‘அவள்’ என அமைத்தால் மதிப்பு வேறுபாடு நுழையாது. கெர்டாவின் வாயில் ‘அவன்’ எந்த இடத்தில் ‘அவள்’ ஆகிறது என்பதே அப்போது பார்வையாளருக்குப் புலப்படும். மருத்துவர் போன்ற அயலாரின் பேச்சில், மதிப்பும் பாலும் ஒருங்கே தோன்ற ‘அந்த அம்மையார்’ போன்ற பெயர்ச்சொற்கள் உதவும். ‘திருநங்கை’ என்னும் இக்காலச் சொல்லை 1920களின் மாந்தர் வாயில் இடுவதும் தவிர்க்கத்தக்கது. அதற்கு இணையான ஆங்கிலச் சொல்லே 1960களில்தான் வழக்கிற்கு வந்தது.

லிலி தன்னைப் பற்றித் தானே பேசும்போது தமிழ் விகுதி அவரை எவ்வகையிலும் மறுப்பதில்லை. பிறர் அவரைப் பற்றிப் பேசும்போதே பால் தேர்வு எழுகிறது. அத்தேர்வுக்கான பொறுப்பு, தமிழில் பெயர்ப்பாளரையும் சேர்கிறது.