நிறமும் உப்பும்

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுதுவது சுலபம் என்று சொன்னால் கரிசல்காட்டு எழுத்தாளர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். காலிக் குடம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிற விஷயம். கோமல் சுவாமிநாதன் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தில் (1980) அந்தக் குடத்தை வைத்தே நம்மை உலுக்கினார். அடுத்த ஆண்டு கே. பாலசந்தர் அதைப் படமாக்கினார். அத்திப்பட்டி என்ற கரிசல் கிராமத்தில் நடக்கிற கதை. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு பார்த்த எனக்கு அது அயலூர்க் கதையாகவே படவில்லை. ஜனங்கள் தாங்களே கால்வாய் வெட்டப் புறப்படுகிறார்கள், ஸர்க்கார் குறுக்கே நிற்கிறது. கேட்பவன் ஒரு பக்கம், மறுப்பவன் ஒரு பக்கம். நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தண்ணீர் நிறைய இருந்தும் அது ஆகாத தண்ணீராக இருந்தால், கதாசிரியன் என்ன செய்வான்?

சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலில் (1998) இந்தச் சிரமமான காரியத்தில்தான் இறங்கினார். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலையும் கிணறுகளையும் கெடுத்த விவகாரம். இங்கே வில்லன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாது. சாயத்தில் கை நனைத்துப் பிழைக்கிறவன் வீட்டுக்கும் அதே நிலத்தடித் தண்ணீர்தான். பட்டறையை மூடு என்றால் அவன் அடுப்பும் அணைந்துவிடும். இந்தச் சிக்கலைத் தொட்டதற்காகவே ஆசிரியரைப் பாராட்டவேண்டும். சில இடங்களில் செய்தி பாத்திரங்களை அமுக்கிவிடுகிறது. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

என் மனத்தாங்கல் வேறு. நிறம் கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி. புகைப்படக்காரனும் அதைப் பிடித்துவிடுவான். எங்களுடையது தறி ஓடுகிற ஊர். சாயத்தொழில் தெரிந்த ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “உப்புப் போடாம பருத்தில சாயம் ஏறுமா அண்ணாச்சி?” என்று சிரித்தார். துணியில் தங்குவது சாயம்; உப்பு முக்கால்வாசிக்கு மேல் கழிவோடு வெளியே போகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டி நிறத்தை எடுத்த பிறகும் உப்பு அப்படியே நின்றது. பார்வைக்குத் தெளிவு, பயிருக்கு நஞ்சு. அந்த உப்பு ஒரு பாத்திரமாக நம் நாவலுக்குள் வரவில்லை.

அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரத்துப்பாளையம் போகவேண்டும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி, 1992-இல் முடித்த அணை. கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. அணையைத் திறக்காதே என்று குடியானவர்களே மறித்தார்கள்! மதகடிக்காக வெட்டு, குத்து வரை போகிற ஜாதி அது. அத்திப்பட்டிக்காரன் கேட்டால் இவர்களைப் பைத்தியம் என்பான். இந்தக் கட்டம் கோமல் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974-இல். மாசற்ற தண்ணீர் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-இல். (உரிமைகள் நம் நாட்டில் காகிதத்தில் மட்டும் வேகமாக ஓடும்.) நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் கோர்ட்டுக்குப் போய், கழிவைச் சொட்டுக்கூட ஆற்றில் விடக்கூடாது என்ற உத்தரவை 2006-இல் பெற்றார்கள். அதுவும் நிறைவேறாமல், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

‘சாயத்திரை’ இதற்கெல்லாம் முன்பே முடிந்துவிட்ட நாவல். பட்டறை மூடியதால் வேலையிழந்த தொழிலாளியும், கிணறு உப்பாகிப்போன குடியானவனும் ஒரு டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? அந்த அத்தியாயத்தைத் திருப்பூர்க்காரர் ஒருவர் எழுதிப் படிக்க ஆசையாயிருக்கிறது.