சுடுகிறவனிடமே கேட்டவர்கள்: ஆக்கிரமிப்பும் ஆவணப்படமும்

ஈராக்கில் பெரும் போர் நடவடிக்கைகள் முடிந்துவிட்டன என்று ஜார்ஜ் புஷ் 2003 மே 1 அன்று ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான், ஃபலூஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடியவர்கள் மீது சுட்டிருந்தார்கள். மே மாதம் முடிவதற்குள் ஈராக் இராணுவமே கலைக்கப்பட்டு, லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். கோடை முழுவதும் அமெரிக்க வாகனங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. தாக்குகிறவர்கள் சதாம் ஆட்சியின் மிச்சசொச்சங்கள், எல்லை தாண்டி வந்த அந்நியர்கள் என்று வாஷிங்டன் திரும்பத் திரும்பச் சொன்னது. செய்தியாளர்களில் பலரும் அதையே எழுதினார்கள்.

தாக்குகிறவனையே தேடிப்போய்க் கேட்டவர்கள் மோலி பிங்காம், ஸ்டீவ் கானர்ஸ் என்ற இரண்டு புகைப்படச் செய்தியாளர்கள். பிங்காம் அமெரிக்கர், அதே ஆண்டு மார்ச் மாதம் சதாமின் காவலர்களிடம் பிடிபட்டு அபூ கரைப் சிறையில் கிடந்தவர். கானர்ஸ் பிரிட்டிஷ் இராணுவத்தில் வட அயர்லாந்தில் பணியாற்றியவர். ஊரார் முறைத்துப் பார்க்கும் தெருவில் சீருடையோடு நடப்பது எப்படியிருக்கும் என்று அறிந்தவர். இருவரும் பாக்தாத்தின் அதமிய்யா பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து மாதம் அதன் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் பேச்சுக்கொடுத்தார்கள். அபூ ஹனீஃபா பள்ளிவாசலைச் சுற்றியமைந்த பழைய பகுதி அது. பாக்தாத் விழுந்த மறுநாள், 2003 ஏப்ரல் 10 அன்று, அந்தப் பள்ளிவாசலை ஒட்டியே கடும் சண்டை நடந்தது.

2007இல் வெளிவந்த ‘மீட்டிங் ரெசிஸ்டன்ஸ்’ படத்தில் எவருக்கும் பெயரில்லை. ஆசிரியர், பயணி, இமாம், மனைவி, சிரியாக்காரர் என்றுதான் அறிமுகம். முகங்கள் மங்கலாகவோ சட்டகத்துக்கு வெளியிலோ இருக்கின்றன. அதனால் நம் கவனம் கைகளுக்குப் போகிறது, குரலுக்குப் போகிறது. செய்தியும் ஆயுதமும் கொண்டுசேர்க்கும் அந்த மனைவி, வீட்டு வேலையைப் பற்றிச் சொல்வதுபோலத் தன் வேலையைச் சொல்கிறார். சதாமை வெறுத்தவர்களும் இவர்களுக்குள் உண்டு. மதம், மண், மானம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாலும், வீட்டு வாசலில் அந்நியச் சிப்பாய் நிற்பதைப் பொறுக்க முடியவில்லை என்பதுதான் எல்லோர் பேச்சிலும் ஊடாடுகிறது. அரசு சொன்ன விளக்கம் எவ்வளவு பொய் என்பதை இந்தப் படத்தைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் படப்பிடிப்பு 2004இல் நின்றுவிடுகிறது. 2006 பிப்ரவரியில் சமர்ராவில் ஷியாக்களின் புனிதத் தலமான தங்கக் கூரைப் பள்ளிவாசல் தகர்க்கப்பட்ட பிறகு, ஈராக்கியரின் துப்பாக்கிகள் ஈராக்கியரை நோக்கித் திரும்பின. படம் வெளிவந்தபோது அந்த ரத்தம் காயவில்லை. மானம் காக்க எடுத்த ஆயுதம் பக்கத்துத் தெருக்காரனை எப்படிக் குறிவைத்தது என்ற கேள்வி படத்தில் இல்லாதது பெரிய குறை. சண்டையிடுகிறவனின் வாக்குமூலத்தை மட்டும் நம்பியிருக்கும் படங்கள் அனைத்துக்கும் இந்தக் குறை உண்டு.

ஆக்கிரமிப்பை அதில் வாழ்ந்தவர்களிடமே கேட்டறியும் படங்களின் மூலவர் மார்செல் ஒஃபுல்ஸ். நாஜி ஆக்கிரமிப்பின்கீழ் பிரான்ஸ் எப்படி வாழ்ந்தது என்று அறிய, கிளேர்மோன்-ஃபெரான் என்ற ஒரே நகரை மையமாக்கி அவர் 1969இல் எடுத்த ‘துயரமும் இரக்கமும்’ நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. நாடே எதிர்த்து நின்றது என்ற பெருமைக் கதையை அது உடைத்தது. எதிர்த்தவர்கள் சிலரே; பலர் ஒத்துழைத்தார்கள், மற்றவர்கள் வாய்மூடியிருந்தார்கள். கிராமத்து விவசாயியான லூயி கிராவ், தன்னைக் காட்டிக்கொடுத்து புக்கன்வால்ட் முகாமுக்கு அனுப்பியவர் யாரென்று தெரிந்தும் பழிவாங்காமல் இருந்துவிட்டவர். ஜெர்மானிய அதிகாரி ஒருவர் தன் மகளின் திருமண வைபவத்தில் உட்கார்ந்து பேசுகிறார். வயலில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று தன் சிப்பாய்களைச் சுட்டதை நினைவுகூர்ந்து, போராளியென்றால் கைப்பட்டையோ தொப்பியோ அணிந்திருக்க வேண்டாமா என்று மனக்குறையோடு கேட்கிறார். அடுத்தவன் நாட்டில் நின்றிருந்த நினைப்பே அவருக்கு இல்லை. ஆக்கிரமிப்பவனின் மனத்தைக் காட்ட அந்த ஒரு காட்சி போதும்.

வியட்நாம் பற்றிய படங்களில் பீட்டர் டேவிஸின் ‘ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்’ (1974) பெரும்புகழ் பெற்றது, ஆஸ்கரும் வாங்கியது. கீழைத்தேயத்தார் உயிரைப் பெரிதாக மதிப்பதில்லை என்று அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் சொல்வதையும், புதைகுழியருகே கதறும் குடும்பத்தையும் அடுத்தடுத்து வைத்த வெட்டு மறக்க முடியாதது. எனினும் அது அமெரிக்க மனச்சாட்சியைப் பற்றிய படம். வியட்நாமியர் ஏன் போரிட்டார்கள் என்பதற்கு அதில் கிடைக்கும் இடம் குறைவு.

பாலஸ்தீனத்தில் அந்தக் கேள்விக்கு ஆயுதம் தொடாதவர்களிடமிருந்தும் பதில் வருகிறது. பிலின் கிராமத்து எமாத் பர்னாத், 2005இல் மகன் பிறந்தபோது வாங்கிய கேமராவால் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவருக்கு எதிரான ஊர்ப் போராட்டத்தைப் படமெடுத்தார். குண்டுக்கும் அடிக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலியான கருவிகளின் கதைதான் ‘ஐந்து உடைந்த கேமராக்கள்’ படம்.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக வைப்பது ஜூலியானோ மேர்-கமிஸின் ‘அர்னாவின் பிள்ளைகள்’. அவருடைய தாய் அர்னா, இஸ்ரேலிய யூதப் பெண். 1993இல் கிடைத்த விருதுப் பணத்தைக்கொண்டு ஜெனின் அகதி முகாமில் பிள்ளைகளுக்காக நாடக அரங்கு அமைத்தார். மகன் அங்கே ஒத்திகைகளைப் படமெடுத்தார். 1995இல் அர்னா புற்றுநோயால் இறந்தார். 2002இல் இஸ்ரேலிய இராணுவம் முகாமைத் தாக்கித் தகர்த்தபின் மகன் திரும்பிப் போனபோது, மேடையில் துள்ளிய அந்தச் சிறுவர்களில் சிலர் ஆயுதமெடுத்து மாண்டிருந்தார்கள். சிறுவயதில் இடிந்த வீட்டின் மேல் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவன் போராளிகளுக்குத் தலைவனாகியிருந்தான். படம் முடிவதற்குள் அவனும் கொல்லப்படுகிறான். இன்னொருவன், பள்ளியில் குண்டடிபட்ட சிறுமியைத் தூக்கி ஓடியவன். அவள் அவன் கையிலேயே இறந்தாள். பிறகு அவன் ஹதேரா நகரில் வழிப்போக்கர்கள் மீது சுட்டு நான்கு பெண்களைக் கொன்றான். இந்தக் கொலையைப் படம் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவுமில்லை. கோபம் வளர்ந்த ஆண்டுகளைக் காட்டுகிறது. பேட்டியில் அகப்படாத இந்தக் காலப்போக்குதான் ‘ஏன்’ என்பதற்கு நெருங்கிய பதில்.

மேர்-கமிஸ் 2011 ஏப்ரல் 4 அன்று ஜெனினில் முகமூடியணிந்தவனால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகும், போராளிகளின் தாயரையும், காட்டிக்கொடுத்தவர்கள் என்ற பெயரில் கொல்லப்பட்டவர்களின் வீட்டாரையும் நடுவில் வைக்கும் படங்கள் ஆக்கிரமிப்பு பற்றிய ஆவணப்படங்களில் இன்னும் அரிது. அடுத்து வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். நம்மூர்த் திரைப்படக் கழகங்கள் ‘அர்னாவின் பிள்ளைகள்’ படத்தையும் ஒஃபுல்ஸின் நான்கு மணி நேரத்தையும் ஒரே வாரத்தில் திரையிட்டு, பார்த்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும்.