பழைய வேன், பாதி வழி, ஒரு சிவப்பு விளக்கு

நெடும்பயணக் கதைகளில் வண்டி நின்றுபோவது ஒரு சடங்கு மாதிரி. புகை வரும், எல்லோரும் இறங்குவார்கள், சண்டை போடுவார்கள், அப்புறம் மனசு விட்டுப் பேசுவார்கள். அடுத்த காட்சியில் வண்டி ஓடும். வண்டிக்கு என்ன ஆச்சு, எப்படிச் சரியாச்சுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பழுது என்பது கதாபாத்திரங்கள் பேசிக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த வழக்கத்துக்கு விலக்கான ஒரு படத்தையும் ஒரு புத்தகத்தையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் வருவது வோக்ஸ்வேகன். படத்தில் 1970களின் மைக்ரோபஸ் வேன். புத்தகம் அதே குடும்பத்துக் காற்றுக் குளிரூட்டல் வண்டிகள் எல்லாவற்றுக்குமான பழுதுக் கையேடு.

படம், 2006ல் வந்த 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. ஆறு பேர் கொண்ட குடும்பம், சிறுமி ஆலிவை அழகிப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியிலிருந்து கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச் வரை மஞ்சள் வேனில் போகிறது. வழியில் கிளட்ச் போய்விடுகிறது. மெக்கானிக் ஒருவர் வருகிறார். கதையில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. புது பாகம் வர நாளாகும் என்கிறார். ஆனால் கையை விரித்துவிட்டுப் போகவில்லை. இந்த வேனில் முதல் இரண்டு கியருக்குத்தான் கிளட்ச் அவசியம், வண்டியை உருட்டி மணிக்கு 15, 20 மைல் வேகம் வரவழைத்துவிட்டால் நேரே மூன்றாவது கியரில் போட்டு ஓட்டலாம் என்று வழி சொல்லிக்கொடுக்கிறார்.

நம்ம ஊரில் பேட்டரி செத்தால் செய்கிற 'தள்ளு ஸ்டார்ட்' வேறு. அதற்கு கிளட்ச் நன்றாக இருக்கணும். இங்கே செத்தது கிளட்சேதான். பேட்டரி நன்றாக இருக்கிறது, நியூட்ரலில் இன்ஜின் சாதாரணமாக ஸ்டார்ட் ஆகும். சிக்கல் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில். ஓடும் இன்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் மெதுவாகச் சேர்த்துவைப்பதுதான் கிளட்சின் வேலை. சக்கரம் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தால் இரண்டுக்குமான வேக வித்தியாசம் குறைந்துவிடும், கியர் விழும். இது சினிமாத் தந்திரம் இல்லை, நிஜமாகவே வேலைக்கு ஆகும் வழி. திரைக்கதை எழுதிய மைக்கேல் ஆர்ண்ட், சின்ன வயசில் கிளட்ச் போன வோக்ஸ்வேகனில் தன் குடும்பம் செய்த பயணம்தான் இந்தக் கதைக்கு விதை என்று சொல்லியிருக்கிறார்.

இதிலிருந்துதான் படத்தின் மிக அழகான விஷயம் பிறக்கிறது. வேன் கிளம்பணும்னா எல்லோரும் தள்ளணும். தள்ளிவிட்டு ஒவ்வொருவராக ஓடிவந்து ஏறணும், ஏறினவர் அடுத்தவருக்குக் கை கொடுக்கணும். பேசாமல் விரதம் இருக்கும் அண்ணன், தற்கொலைக்கு முயன்ற மாமா, வாய்க்குப் பூட்டில்லாத தாத்தா, யாரும் விலகி நிற்க முடியாது. குடும்பம் ஒன்றாகிறது என்று யாரும் வசனம் பேசவில்லை. கியர்பாக்ஸ் அப்படிச் செய்யவைக்கிறது.

அப்பா ரிச்சர்டின் தொழிலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெற்றிக்கு ஒன்பது படிகள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தி, அதையே புத்தகமாக விற்கப் பார்க்கிறார். அந்த ஒன்பது படியால் படத்தில் ஒருத்தருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. உண்மையிலேயே வேலை செய்கிற செயல்முறை ஒன்றே ஒன்றுதான்: தள்ளு, வேகம் பிடி, மூன்றாவது போடு. அதைச் சொன்னவர் பெயரில்லாத அந்த மெக்கானிக்.

ஆனால் படம் இந்த நேர்மையைக் கடைசி வரை காப்பாற்றவில்லை. அடுத்து ஹாரன் சிக்கிக்கொண்டு விடாமல் அலறுகிறது, பிறகு கதவு கழன்று விழுகிறது. சிரிப்பு வருகிறது, சந்தேகமில்லை. ஆனால் கிளட்ச் கதையை நகர்த்தியது போல இவை நகர்த்தவில்லை. குறிப்பாக ஹாரன். கத்துகிற ஹாரனை நிறுத்த ஒரு ஒயரைக் கழற்றினால் போதும், ஆறு பேரில் ஒருத்தருக்குமா தோன்றாது? மெக்கானிக் வந்துபோன பிறகு அந்த வண்டியைப் பற்றி யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. வேன் மறுபடியும் பழைய சினிமா வேனாகிவிடுகிறது.

அந்த மெக்கானிக்கின் மூன்று நிமிஷத்தை ஒரு முழுப் புத்தகமாக நீட்டினால் எப்படி இருக்கும்? அதை 1969லேயே ஒருத்தர் செய்துவிட்டார். ஜான் முயிர் ஒரு இன்ஜினியர், பிற்பாடு நியூ மெக்சிகோ பக்கம் ஒதுங்கி வோக்ஸ்வேகன் ரிப்பேரில் இறங்கியவர். 'ஹவ் டு கீப் யுவர் வோக்ஸ்வேகன் அலைவ்' அவர் எழுதிய கையேடு. முழு முட்டாளுக்கான படிப்படி வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த படங்களுக்காகவே வாங்கிவைக்கலாம்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வந்தால் கம்பெனி விக்கியைத் திறக்கணும். அங்கே எல்லாம் பாகவாரியாக அடுக்கியிருக்கும்: டேட்டாபேஸ், க்யூ, கேஷ். எந்த பாகம் கெட்டதுன்னு தெரிந்தால் நான் ஏன் விக்கியைத் திறக்கப்போகிறேன்? முயிரின் புத்தகம் இதை அழகாகத் தாண்டுகிறது. பழுது வரும் இடங்களில் அத்தியாயத் தலைப்பே ஓட்டுநர் கண்ணால் பார்க்கிற அறிகுறிதான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை விளக்கு எரிகிறது. நடுரோட்டில் நிற்பவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கி, தெரியாததை நோக்கிக் கூட்டிக்கொண்டு போகிறார்.

அந்தச் சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண காரில் அது எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், பகலாக இருந்தால் மெதுவாக அடுத்த ஊர் வரை போய்விடலாம். அந்தக் காலத்துப் பல வோக்ஸ்வேகன் வேன்களில் அப்படிப் போனால் இன்ஜின் காலி. ரேடியேட்டர் கிடையாது, இன்ஜினைக் குளிர்விப்பது ஒரு காற்றாடி. அந்தக் காற்றாடி ஜெனரேட்டரின் அச்சிலேயே மாட்டியிருக்கும், இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. வெப்பமானி பொதுவாக இருக்காது, இன்ஜின் பின்னால் இருப்பதால் சத்தமும் சரியாகக் கேட்காது. அந்தச் சின்ன விளக்கு மட்டும்தான் எச்சரிக்கை. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டால், இழப்பு ஒரு பெல்ட்டோடு போகும். ஒரே விளக்கு, வேற வண்டியில் வேற அர்த்தம்.

வால்வும் இப்படித்தான். இடைவெளி அதிகமானால் டக்டக்கென்று சத்தம் வரும், எல்லோரும் பயந்துபோவார்கள். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது, ஆனால் அந்த வால்வுதான் கருகும். அதனால்தான் 3000 மைலுக்கு ஒருமுறை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்வார்கள். அமைதியாக ஓடுகிற இன்ஜினைச் சந்தேகப்படணும் என்ற இந்தப் பாடம் எந்தப் பயணப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சும்மா பாராட்டிவிட்டுப் போகவும் முடியாது. முயிரின் தன்னம்பிக்கை தொற்றிக்கொள்ளும் வகை. நீயே செய்துவிடலாம்னு அவர் தோளில் தட்டும்போது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையத் துணிவு வந்துவிடும். முதல் தடவை செய்கிறவனுக்கு அது ஆபத்தான துணிவு. இன்னொரு குறையைக் காலம் உண்டாக்கியது. 1969ல் அந்த வண்டிகளுக்கு வயசு அதிகமில்லை, அதனால் பராமரிப்புக் கணக்கு மைலில் ஓடுகிறது. இன்றைக்கு ஐம்பது வயசான வேன் மைலால் கெடுவதைவிட வருஷத்தால்தான் அதிகம் கெடுகிறது. வீட்டில் சும்மா நிற்கும்போதே பெட்ரோல் ஹோஸின் ரப்பர் வெடிக்கும், ஒயரின் உறை உதிரும், தகடு துருப்பிடிக்கும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் கசிந்தால் தீ. போதாததற்கு இந்த இன்ஜின்களின் கூடு மெக்னீசியக் கலவை, பற்றிக்கொண்டால் அணைப்பது மகா கஷ்டம். பழைய வேனில் குடும்பத்தோடு கிளம்புகிறவர் முதலில் மாற்றவேண்டியது அந்த ஹோஸைத்தான். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும்.

இந்த வரிசையில் எல்லோரும் முதலில் சொல்வது ராபர்ட் பிர்சிக்கின் 1974ஆம் வருஷப் புத்தகம், 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்'. அதில் எனக்குப் பிடித்த இடம், நண்பரின் விலை உயர்ந்த பிஎம்டபிள்யூவில் தளர்ந்துபோன ஹேண்டில்பாருக்கு பீர் கேன் தகட்டை வெட்டி வைக்கலாம் என்று கதைசொல்லி சொல்வதும், நண்பருக்கு அது பிடிக்காமல் போவதும். பிரமாதமான கவனிப்பு. ஆனால் பிர்சிக் ஒரு ஸ்க்ரூவில் தொடங்கி தத்துவத்துக்குப் போனால் திரும்பிவர ரொம்ப நேரமாகிறது. பழுதின் முன்னால் நிற்கும் மனசைப் பற்றி அவர் அளவுக்கு யோசித்தவர் குறைவுதான். பழுதைப் பற்றித் தெரிந்துகொள்ள முயிரிடம்தான் போகணும்.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். வண்டி நின்றதும், வாழ்க்கை என்ன சொல்லவருகிறது என்று கேட்கிற படைப்பு சுமார் ரகம். வண்டியில் இன்னும் எதெல்லாம் வேலை செய்கிறது, அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே கட்டாயம் நிறுத்தணும் என்று கேட்கிற படைப்பு நல்ல ரகம். கிளட்ச் போனால் தள்ளிக்கொண்டு போகலாம். பெல்ட் போனால் போகக்கூடாது. இந்த வித்தியாசம் தெரிந்தவர் யாரோ அவரே அந்தப் பயணத்தில் முக்கியமான ஆள், படத்தில் அவருக்குப் பெயர் இல்லாவிட்டாலும்.

படத்தைப் பார்த்தவர்கள் அந்த மெக்கானிக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். கையேடு கிடைத்தால் வோக்ஸ்வேகன் இல்லாதவர்களும் சிவப்பு விளக்கு அத்தியாயத்தைப் படிக்கலாம், குறிப்பாக அலாரம் அடித்து ராத்திரி எழுந்திருக்கிற என் இனத்தவர்கள்.