தீர்க்கதரிசனமும் பாடபேதமும்

திருச்சியின் பொன்மலையில் ரயில்வே பணிமனையை ஒட்டி வளர்ந்த தெருக்களில் கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தேயினர் என்று பலரும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டு மேசையில் இருப்பது ‘பரிசுத்த வேதாகமம்’. அடுத்த வீட்டில் 1995இல் வெளியான ‘திருவிவிலியம்’. இரண்டிலும் மாற்கு முதல் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். யோவான் ஸ்நானகனின் வருகை முன்பே எழுதப்பட்டிருந்தது என்கிறார் மாற்கு. எங்கே எழுதப்பட்டிருந்தது? பொதுவாகத் தீர்க்கதரிசனங்களில் என்கிறது முதல் நூல். இரண்டாவது நூல் ஏசாயாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நடை வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டும் வெவ்வேறு கிரேக்க ஏடுகளின் வழி வந்த பாடங்கள்.

மாற்கு அங்கே எடுத்தாளும் வார்த்தைகளின் முதல் பகுதி ஏசாயாவில் இல்லை, மல்கியாவில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் ஏடும் வத்திக்கான் ஏடும் ஏசாயாவின் பெயரையே தருகின்றன. பிற்காலத்தில் படியெடுத்தவர்களுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். சுவிசேஷகர் தவறு செய்துவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பக்தியில், பெயரை நீக்கிப் பொதுச் சொல்லை வைத்தார்கள். எளிதாக விளங்கும் பாடத்தைவிட இடறும் பாடமே பழையது என்ற பதிப்பு நெறி இத்தகைய இடங்களிலிருந்து பிறந்தது. அந்த முதல் வீட்டு மேசையிலுள்ள, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் தமிழ் வேதாகமம் வந்த ஆண்டு 1871. சீனாய் ஏட்டை ஏட்டாய்வாளர் டிஷண்டார்ஃப் அச்சில் வெளியிட்டது 1862இல்தான். பழைய ஏடுகளை முதன்மையாகக் கொண்ட வெஸ்ட்காட், ஹார்ட் கிரேக்கப் பதிப்பு வந்ததோ 1881இல். ஆகவே பவர் குழுவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் காலத்தில் வழக்கிலிருந்த கிரேக்கப் பாடத்தை அவர்கள் நேர்மையாகத் தமிழாக்கினார்கள்.

மத்தேயு 27:35 இன்னொரு விதம். சிலுவையடியில் உடைகளைப் பங்கிட்ட செய்தியோடு, தீர்க்கதரிசி உரைத்தது நிறைவேறும்படி அது நடந்தது என்ற தொடரும் நம் பழைய மொழிபெயர்ப்பில் உண்டு. மிகப் பழைய கிரேக்க ஏடுகளில் அந்தத் தொடர் இல்லை. யோவான் நற்செய்தியில் இருப்பதைப் பார்த்து யாரோ ஒருவர் இங்கேயும் சேர்த்திருக்கிறார். மாற்கு 15:28இன் கதையும் ஏறக்குறைய இதுவே. நிறைவேற்றக் குறிப்புகள் ஏடு பெயர்த்தெழுதும் கைகளில் வளர்ந்திருக்கின்றன. படியெடுத்தவர் வெறும் எழுத்தர் அல்லர், வாசகர். தாம் வாசித்து உணர்ந்த பொருளை ஏட்டிலேயே விட்டுச் சென்றவர். தீர்க்கதரிசனப் பகுதிகளில் பாடபேதங்களை முதல் உரையாசிரியர்களின் குரலாகவே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான செய்தி இல்லை. பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை எழுதும்போதே வேறு பாடம் கொள்வாரைச் சுட்டிச் செல்கிறார். திருச்சியில் புகழ்பெற்று விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட நாளிலிருந்து ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காட்டுவதைத் தமிழ்ப் பதிப்பின் ஒழுக்கமாகவே ஆக்கினார். அந்தப் பனையேடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று எழுத்தே சொல்லாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எபிரெய ஏடும் இப்படிப்பட்டதே. பழங்காலத்தில் அதில் மெய்களே பெரும்பாலும் எழுதப்பட்டன; உயிர்களை ஓதுவோரின் நாவு காத்தது. திருவரங்கத்தில் பிரபந்தம் ஓதும் மரபை அறிந்தவர்களுக்கு நாவு எவ்வளவு உறுதியான ஏடு என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் அந்த ஓசைகளுக்கும் நிறுத்தங்களுக்கும் குறியிட்டார்கள். முழு எபிரெய வேதத்தையும் கொண்டு இன்று நம்மிடமுள்ள மிகப் பழைய ஏடு 1008ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

சங்கீதம் 22:16இல் நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு ஒரு கோட்டின் நீளத்தைப் பற்றியது. எபிரெயத்தில் யோத் என்ற எழுத்தின் கால் சிறிது நீண்டால் வாவ் ஆகிவிடும். மசோரெத்தியப் பாடத்தில் யோத் இருக்கிறது. அப்போது கைகால்களைப் பற்றிய அந்த வரி ‘சிங்கத்தைப் போல’ என்று நிற்கும், வினைச்சொல் கிடைக்காது. எழுபதின்மர் என்று அழைக்கப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, தோண்டினார்கள் என்று படித்தது. அதிலிருந்தே ஆணி அடித்த கைகளைக் கிறிஸ்தவர்கள் கண்டார்கள். யூதர் திரித்தனர் என்று இவர்களும், கிறிஸ்தவர் திரித்தனர் என்று அவர்களும் மாறி மாறிக் குற்றம் சாட்டினார்கள். சாக்கடல் அருகே நாகல் ஹெவேரில் கிடைத்த முதல் நூற்றாண்டுச் சங்கீதச் சுருள், வாவ் எழுத்தோடு இருக்கிறது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்குக் கிடைத்த பாடம் உண்மையாகவே ஓர் எபிரெயப் பாடம் என்று அது காட்டியது. ஆயினும் அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டல் வழக்கமானதாக இல்லாததால் பொருள் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும்: உடைகளைப் பங்கிட்டதைப் பற்றி இதே சங்கீதத்தை எடுத்துக்காட்டும் புதிய ஏற்பாடு, கைகால்களைப் பற்றிய வரியை எங்கேயும் எடுத்துக்காட்டவில்லை. அந்த ஒரு சொல்லின் மேல் விசுவாசத்தின் பாரம் முழுவதையும் ஏற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஏசாயா 53:11 மகிழ்ச்சி தரும் இடம். துன்புற்ற ஊழியர் தம் வருத்தத்துக்குப் பின் காண்பார், திருப்தியடைவார் என்கிறது மசோரெத்தியப் பாடம். எதைக் காண்பார்? அதில் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் நம் பழைய தமிழ் வேதாகமம் பலன் என்ற சொல்லை வைத்து வாக்கியத்தை முடிக்கிறது. 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது. அதில் அந்த இடத்தில் ‘ஒளி’ என்ற சொல் இருக்கிறது. அதே குகையின் இரண்டாவது ஏசாயா சுருளிலும் நான்காம் குகைச் சுருள் ஒன்றிலும் அது உண்டு, கிரேக்கத்திலும் உண்டு. மரணத்துக்குப் பின் ஒளியைக் காண்பவர் என்றால் அந்த அதிகாரத்தின் முடிவே வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. சுருள்கள் எதையோ பறித்துக்கொள்ளும் என்று அஞ்சியவர்களுக்கு அவை ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுத்தன.

எரேமியாவில் சிக்கல் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கிரேக்க எரேமியா, எபிரெயத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. புறஜாதியாருக்கு எதிரான வாக்குகள் எபிரெயத்தில் நூலின் கடைசியில் நிற்கின்றன, கிரேக்கத்தில் நடுவில். மொழிபெயர்த்தவர் சுருக்கிவிட்டார் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். கும்ரானில் கிடைத்த துணுக்குகள் சில எபிரெயத்திலேயே அந்தக் குறும்பாடத்தைத் தந்தபோது அந்த எண்ணம் தளர்ந்தது. எரேமியாவுக்கு இரண்டு பதிப்புகள் இருந்தன, கிரேக்கம் முந்தியதைச் சார்ந்தது என்று இம்மானுவேல் டோவ் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 27ஆம் அதிகாரத்தில் ஆலயப் பாத்திரங்கள் பாபிலோனுக்குப் போகும் என்பது இரண்டிலும் உண்டு. ஒருநாள் அவை திரும்பி வரும் என்பது நீண்ட பாடத்தில் மட்டுமே. தாவீதின் கிளையைப் பற்றிய 33:14 முதல் 26 வரையிலான வாக்குறுதி முழுவதும் கிரேக்கத்தில் இல்லை. சிறையிருப்பிலிருந்து திரும்பிய தலைமுறை, நடந்ததையும் நம்பியதையும் சேர்த்து எரேமியாவை மீண்டும் எழுதிக்கொண்டதா? அப்படியானால் தீர்க்கதரிசனம் என்பது ஒரு மனிதரின் வாயோடு முடிந்துவிடாமல் ஒரு சமூகத்தின் நெடிய செவியேற்பாகவும் ஆகிறது. இதில் இழிவு ஒன்றையும் நான் காணவில்லை.

திருச்சி வட்டாரத்தில் சுவரொட்டி ஒட்டி நடக்கும் கடைசிக்காலக் கூட்டங்களில் வரைபடமாக விரிவது தானியேல் 9:25. கட்டளை வெளிப்பட்டது முதல் மேசியா வரை ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும் என்று கூட்டி, அறுபத்தொன்பதை ஏழால் பெருக்கி 483 ஆண்டுகள் என்பார்கள். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் இத்தகைய கணக்கை உலகெங்கும் பரப்பியது. மசோரெத்தியர் இட்ட நிறுத்தக்குறி ஏழு வாரத்தோடு வாக்கியத்தை வெட்டுகிறது. அப்படிப் படித்தால் அபிஷேகம் பெற்ற ஒருவர் 49 ஆண்டுகளில் வந்துவிடுகிறார். மீதி அறுபத்திரண்டு வாரம் நகரம் கட்டப்பட்டு நிற்கும் காலம். கிறிஸ்தவரை மறுக்கவே யூதர் இந்த நிறுத்தத்தை வைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. ஆனால் மசோரெத்தியருக்கு முன்பே, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்பொலித்து என்ற கிறிஸ்தவ உரையாசிரியரே ஏழு வாரத்தைத் தனியே பிரித்துப் பிரதான ஆசாரியன் யோசுவாவுக்குப் பொருத்தினார். பழைய ஏட்டில் நிறுத்தக்குறி கிடையாது. எங்கே மூச்சு விடுவது என்று வாசிப்பவர் தீர்மானித்தார். ஆண்டுக்கணக்குச் சொல்லும் போதகர் இதைக் கேட்போருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்; சொல்லாமல் விடுவதை எளிய விசுவாசிகளுக்கு இழைக்கும் அநீதியாகவே நான் கருதுகிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் 666க்கும் இதே கதி. எகிப்தின் ஒக்சிரிங்கு குப்பைமேட்டிலிருந்து எடுக்கப்பட்டு 1999இல் வெளியான பாப்பிரஸ் துணுக்கில் மிருகத்தின் எண் 616. அந்தப் பாடம் சுமார் 180ஆம் ஆண்டிலேயே சபைத் தந்தை இரேனேயுவுக்குத் தெரிந்திருந்தது. நல்ல பழைய படிகளில் 666 என்றே இருப்பதாக அவர் வாதிட்டார். நீரோ சீசரின் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதினால், கடைசியில் 50 மதிப்புள்ள நகர எழுத்து ஒன்று இருந்தால் 666, இல்லாவிட்டால் 616. இரு எண்களும் முதல் நூற்றாண்டின் அந்தக் கொடுங்கோலனையே சுட்டுகின்றன என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்த எண்ணை இன்றைய பார்கோடில் தேடுவதற்கு அங்கே இடமில்லை.

இவை எல்லாவற்றையும்விடத் தமிழருக்கு நெருக்கமானது ஆமோஸ் 9:12. விழுந்த தாவீதின் கூடாரம் எடுப்பிக்கப்படும்போது ஏதோமில் மீந்திருப்பவர்களை இஸ்ரவேல் உரிமையாக்கிக்கொள்ளும் என்பது எபிரெயப் பாடம். ஏதோம், ஆதாம் இரண்டும் எபிரெயத்தில் ஏறக்குறைய ஒரே மெய்களால் எழுதப்படுபவை. உரிமையாக்கிக்கொள்வதற்கும் தேடுவதற்கும் இடையிலும் எழுத்து வேறுபாடு சிறிதே. எழுபதின்மர், மீந்த மனிதர் தேடுவார்கள் என்று படித்தார்கள். அயலாரை வென்று ஆளும் வாக்கு, அயலார் தாமாகத் தேடி வரும் வாக்காயிற்று. எருசலேம் சங்கத்தில், விருத்தசேதனமின்றிப் புறஜாதியாரைச் சபையில் சேர்க்கலாமா என்ற வழக்கு எழுந்தபோது, யாக்கோபு எடுத்துக்காட்டியதாக அப்போஸ்தலர் 15 தருவது இந்தக் கிரேக்கப் பாடத்தையே. 1766இல் ஸ்வார்ட்ஸ் திருச்சிக் கோட்டைக்குள் கட்டிய ஆலயத்துக்கும், திருச்சியிலுள்ள தரங்கைவாசத்திலிருந்து இயங்கும் லுத்தரன் திருச்சபைக்கும், பொன்மலையின் ஒவ்வொரு ஜெபக்கூடத்துக்கும் வாசல் திறந்துவிட்ட தீர்மானம் அது.

பழைய தமிழ் வேதாகமத்தில் ஆமோஸ் 9:12ஐயும் அப்போஸ்தலர் 15:17ஐயும் அருகருகே வைத்துப் படிப்பவர், முன்னதில் ஏதோமையும் பின்னதில் மற்ற மனுஷரையும் காண்பார். ஏன் என்று விளக்கும் அடிக்குறிப்பு பரவலாகப் புழங்கும் அச்சுகளில் இல்லை. உ.வே.சா. சமணக் காப்பியத்துக்குச் செய்து கொடுத்ததைத் தமிழ்த் திருச்சபைகள் தங்கள் வேதத்துக்குச் செய்ய வேண்டும்: பக்கத்தின் அடியில் இரண்டு வரி, எந்த ஏட்டில் என்ன பாடம் என்று, ஞாயிறு பாடசாலைப் பிள்ளையும் படிக்கும் அளவு எழுத்தில்.